புயல் நடுவே பவுல்

கடவுளை நம்புகிறவருக்குத் துன்பம் வருமா? வந்துவிட்டால் அவருடைய விசுவாசத்தில் ஏதோ குறை என்று பொருளா? சமய நம்பிக்கையைப் பற்றி எந்தக் கலந்துரையாடலில் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி எழாமல் போவதில்லை. வேலை இழந்தவர் கேட்பார், நோயாளியின் துணைவியார் கேட்பார். 2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தேவாலயக் கதவுகளும் வேலையிடக் கதவுகளும் ஒருசேர மூடப்பட்டன. அப்போது எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்தது.

புயல் என்றதும் கிறிஸ்தவர்களுக்கு நினைவில் வருவது, கலிலேயாக் கடலில் இயேசு காற்றை அதட்டி அமைதிப்படுத்திய நிகழ்ச்சிதான். அமைதியாகாத ஒரு புயலும் வேதாகமத்தில் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் அது விரிவாக வருகிறது.

கி.பி. 60ஐ ஒட்டிய காலம். பவுல் ஒரு கைதி. இராயனுக்கு முன் விசாரணைக்காக அவரை ரோமாபுரிக்குக் கொண்டு செல்கிறார்கள். கோதுமை ஏற்றிய கப்பல் அது. மாலுமிகள், போர்வீரர்கள், கைதிகள் என மொத்தம் 276 பேர். கப்பல் கிரேத்தா தீவை அடைந்தபோது பருவம் தப்பிவிட்டது. நம் கிழக்குக்கரை மீனவர்கள் ஆண்டிறுதி மழைக்காலத்தில் கடலுக்குப் போகத் தயங்குவதைப் போல, அக்காலத்தில் மத்தியதரைக் கடலில் குளிர்காலப் பயணத்தைத் தவிர்ப்பார்கள். போகவேண்டாம் என்று பவுல் எச்சரித்தார். காவலுக்கு வந்த படை அதிகாரியோ மாலுமியையும் கப்பல் உரிமையாளரையும் நம்பினார். (ஒரு கைதியின் பேச்சை யார்தான் கேட்பார்கள்?) தென்றல் மெதுவாக வீசியது. புறப்பட்டார்கள். சற்று நேரத்தில் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று வந்து மோதியது.

கவனியுங்கள், பவுல் தவறு செய்யவில்லை. பிறர் எடுத்த முடிவால் அவரும் சேர்ந்து தவித்தார். கணவரின் கடனுக்காக வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இது நன்றாகவே புரியும். உன் பாவத்தால் வந்தது என்று அவர்களிடம் சொல்வது வேதம் சொல்லாத ஒன்றைச் சொல்வதாகும்.

பல நாள்கள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரங்களும் தெரியவில்லை. திசைகாட்டும் கருவி இல்லாத அக்காலத்தில், எங்கே இருக்கிறோம் என்று அறிய வேறு வழியே இல்லை. கப்பலின் பலகைகள் பிரிந்துவிடாதபடி அடியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். சரக்கைக் கடலில் எறிந்தார்கள், பிறகு தளவாடங்களையும் எறிந்தார்கள். பிழைப்போம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் அற்றுப்போன வேளையில்தான் பவுல் எழுந்து பேசினார். தேவதூதன் இரவில் தம்மிடம் வந்ததாகவும், ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்றும், கப்பல் மட்டும் போகும் என்றும் சொன்னார்.

அந்த வாக்குறுதியில் காற்று அடங்கும் என்று இல்லை, கப்பல் தப்பும் என்றும் இல்லை. நாம் பெரும்பாலும் ஜெபிப்பது கப்பலுக்காகத்தான். வீடு, வேலை, வியாபாரம் எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அவை போய்விட்டால் கடவுளும் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அங்கேதான் பவுலின் விசுவாசம் வேறுபடுகிறது.

அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பதினான்காம் இரவு, கரை நெருங்குவதை உணர்ந்த மாலுமிகள் ஆழம் பார்த்தார்கள். முதலில் 20 பாகம், பிறகு 15 பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று பயந்து பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களைப் போட்டார்கள். பிறகு நங்கூரம் போடுவதாகப் பாசாங்கு செய்து, படகை இறக்கித் தப்பியோடப் பார்த்தார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்பமுடியாது என்று பவுல் படை அதிகாரியிடம் எச்சரித்தார். தேவன்தான் வாக்குக் கொடுத்துவிட்டாரே, மாலுமிகள் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. தொழில் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார். பிறகு, பல நாள்களாகச் சாப்பிடாமல் இருந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி, தாமே அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக நன்றி செலுத்திப் புசிக்கத் தொடங்கினார். அதைப் பார்த்த மற்றவர்களும் தைரியமடைந்து சாப்பிட்டார்கள்.

ஜெபம் செய்தாயிற்று, இனி இன்சுலின் வேண்டாம், சிறுநீரகச் சுத்திகரிப்பு வேண்டாம் என்று நோயாளிகளுக்கு அறிவுரை கூறும் சிலர் இந்த அதிகாரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும். மருத்துவரையும் தாதியரையும் விட்டுவிடுவது, மாலுமிகளைப் படகில் ஏற்றி அனுப்பிவிடுவதற்குச் சமம். இதை விசுவாசம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விடிந்ததும் கப்பல் கரைதட்டிப் பின்பக்கம் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டார்கள். 276 பேரும் கரை சேர்ந்தார்கள். அந்தத் தீவுதான் இன்றைய மால்ட்டா. அங்குள்ள ஒரு விரிகுடாவுக்கு இன்றும் பவுலின் பெயர் வழங்குகிறது. தீவு மக்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி அவர்களை வரவேற்றார்கள். கரையேறிய பவுல் செய்ததாக நூல் சொல்லும் முதல் வேலை, அந்த நெருப்புக்கு விறகு பொறுக்கியது. விறகிலிருந்து பாம்பு ஒன்று வெளிப்பட்டு அவர் கையைக் கவ்வியது. அவர் அதை நெருப்பில் உதறிவிட்டார்.