அறிகுறி என்று எழுதப்பட்ட சந்தோஷங்கள்

பாத்திரமோ மரக்கட்டையோ, கையில் எது கிடைத்தாலும் அந்தச் சிறுவன் தரையில் சுழற்றிவிடுவான். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் குதிப்பான். பெயர் டானல்ட் ட்ரிப்லெட். ஊர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட். 1943-ல் பால்டிமோர் மருத்துவர் லியோ கேன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தது. அதில் முதலில் வருபவன் இந்த டானல்ட். அவன் சுழற்றியதையும் கேன்னர் எழுதினார், பரவசத்தில் குதித்ததையும் எழுதினார். பின்னால் வந்தவர்கள் சுழற்றியதைப் பிடித்துக்கொண்டார்கள், பரவசத்தை விட்டுவிட்டார்கள்.

டானல்ட் 2023 ஜூன் மாதம், 89 வயதில் காலமானார். ஆட்டிசம் என்றாலே நமக்கு ஐந்தாறு வயதுக் குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, தலை நரைத்து, தாத்தா பாட்டி வயதுக்கும் வருவார்கள் என்பது ஏனோ தோன்றுவதில்லை. டானல்டின் முதுமையை ஜான் டான்வன், கேரன் ஸக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அருகில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். குடும்பத்துக்குப் பங்கு இருந்த உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு காலையில் நண்பர்களோடு காபி, பிறகு ஒரு நடை, டி.வி-யில் ‘பொனான்ஸா’ தொடரின் மறுஒளிபரப்பு, சாயங்காலம் கோல்ஃப். அந்தக் கோல்ஃபுக்கும் ஒரு சடங்கு உண்டு. மட்டையை வானத்தை நோக்கி நேராகத் தூக்கி நிறுத்துவார், இறக்குவார், மறுபடி தூக்குவார். பலமுறை இப்படிச் செய்துவிட்டுத்தான் பந்தை அடிப்பார். அடித்து முடித்ததும் முழங்காலை மடக்கி மேலும் கீழுமாக ஒரு துள்ளல். எண்பதை நெருங்கிய மனிதரின் துள்ளல் அது.

ஊர் சுற்றுவதிலும் அவருக்குப் பெரிய ஆசை. தனியாகவே கிளம்பி, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்துவிட்டார். ஆனால் பெரும்பாலும் ஆறு நாள்களுக்கு மேல் வீட்டைவிட்டு இருக்கமாட்டார். போன இடத்தில் யாரையும் சிநேகம் பிடித்துக்கொண்டு வருவதில்லை. படத்தில் பார்த்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், தன் கேமராவில் எடுக்க வேண்டும், திரும்பிவிட வேண்டும். தெரிந்த மனிதர்களுக்கெல்லாம் அவர் மனதில் ஆளுக்கொரு எண் இருந்தது. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் வினோதமாகப் பார்க்கவில்லை. பேட்டி எடுக்க வந்த பத்திரிகையாளர்களிடம், ‘எங்கள் டானுக்கு ஏதாவது கெடுதல் செய்தால் சும்மா விடமாட்டோம்’ என்கிற தோரணையில் எச்சரித்தவர்களும் உண்டு. வசதியான குடும்பம், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய ஊர். இத்தனையும் ஒருவருக்கு ஒன்றாக அமைவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு 2013-ல் ஐந்தாவது பதிப்பாக வந்தது. உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இதைப் பார்த்துத்தான் ஆட்டிசத்தை உறுதிசெய்கிறார்கள். அதில் ஒரு பகுதியில் நான்கு அறிகுறிகள் வருகின்றன. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், எதுவும் மாறக் கூடாது என்ற பிடிவாதம், ஒரே விஷயத்தில் அளவு கடந்த ஈடுபாடு, ஒளி ஒலி தொடுகை போன்ற புலனுணர்வுகளில் வழக்கத்துக்கு மாறான நாட்டமோ ஒவ்வாமையோ. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதிய நூல்களையும் பேட்டிகளையும் வாசித்துவிட்டு, ‘எது உங்களுக்குச் சந்தோஷம்?’ என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இதே நான்குதான் வரும்.

நம் நாட்டிலும் கதை அதுதான். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு ‘இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்’ என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறாரா, உயிரற்ற பொருள்கள் மீது பற்று வைத்திருக்கிறாரா, தனியாக ஒரே விளையாட்டை விளையாடுகிறாரா, எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்கிறாரா? சான்றிதழ் தேவை, உதவித்தொகையும் சலுகைகளும் அதை நம்பித்தான் இருக்கின்றன. அளவுகோலின் மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒரு மனிதர் தனக்குப் பிடித்ததைச் செய்யச் செய்ய அவருடைய மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும் என்பதைப் பார்க்கும்போது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதலில் அசைவு. கையை உதறுவது, முன்னும் பின்னுமாக ஆடுவது, விரல்களை முறுக்குவது, பிடித்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருப்பது. இதை ஆட்டிசம் உள்ளவர்களின் வட்டாரத்தில் ‘ஸ்டிம்மிங்’ என்கிறார்கள். பல காலமாக இதை நிறுத்துவதே சிகிச்சையின் வெற்றி என்று கருதப்பட்டது. கையைக் கட்டிக்கொள், சும்மா உட்கார், எல்லோரும் பார்க்கிறார்கள். 2019-ல் ஸ்டீவன் காப் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே போய், இதை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டு வெளியிட்டார்கள். இரைச்சலும் கூட்டமும் தலைக்கேறும்போது இது ஆசுவாசம் தருகிறது என்றார்கள். பதற்றத்துக்கு மட்டுமல்ல, சந்தோஷம் தாங்காதபோதும் கை தானாக உதறும் என்றார்கள். அதை அடக்கச் சொல்லும் சிகிச்சையை அவர்கள் விரும்பவில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொள்வதுபோல் உடம்பைக் காயப்படுத்தும் அசைவு வேறு. அதற்கு உதவி வேண்டும். காற்றில் கையை உதறுவதால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான தெரபி மையம் எதற்குப் போனாலும் மேலேயிருந்து ஒரு ஊஞ்சல் தொங்கும். ஆடும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தூண்டப்படுகிறது. உடம்பு எங்கே இருக்கிறது என்ற தெளிவு வருகிறது, சிலருக்கு மனம் அடங்குகிறது. சிகிச்சை என்ற பெயரில் மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்டி ஆடவைக்கிறோம். அதே பிள்ளைக்கு முப்பது வயதானால், ‘இவ்வளவு பெரிய ஆள் ஊஞ்சல் ஆடுறதா?’ என்கிறோம். நம் பழைய வீடுகளின் கூடத்தில் பித்தளைச் சங்கிலி ஊஞ்சலில் வெற்றிலை மென்றபடி மதியம் முழுக்க ஆடிய பெரியவர்களை யாரும் எந்த அளவுகோலிலும் மதிப்பிட்டதில்லை.

புலன்களைப் பற்றிப் பேசினால் டெம்பிள் கிராண்டினைச் சொல்லாமல் முடியாது. 1947-ல் பிறந்த அமெரிக்கர். கால்நடை அறிவியல் பேராசிரியர். சிறு வயதில் யாராவது கட்டிப்பிடித்தால் அவருக்குத் தாங்காது. ஆனால் உடம்பை இறுக்கும் அழுத்தம் வேண்டும் என்ற தவிப்பு மட்டும் இருந்தது. அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். மிரண்டுபோய் உள்ளே வரும் மாடுகளில் சில, அழுத்தம் பட்டதும் அடங்குவதைக் கவனித்தார். தன்னையும் அதில் நிறுத்தி அழுத்தச் சொன்னார். அன்று கிடைத்த நிம்மதியை விட மனமில்லாமல், ஒட்டுப்பலகையில் தனக்கென்று ஒரு அணைப்புக் கருவியைச் செய்துகொண்டார். அப்போது அவருக்கு 18 வயது இருக்கும். பள்ளியிலிருந்த மனநல வல்லுநர்கள் அதைப் பிடுங்கிவிடப் பார்த்தார்கள். பிடுங்க முடியவில்லை. அழுத்தத்தின் அளவு தன் கையில், போதும் என்றால் நிறுத்துவதும் தன் கையில். மனிதர்களின் அணைப்பில் கிடைக்காத சௌகரியம் இது. பல ஆண்டுகள் அதைப் பயன்படுத்தினார். 2010-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கேட்டபோது, அது பழுதாகி இரண்டு வருடமாகிறது, சரிசெய்ய நேரமில்லை, இப்போது மனிதர்களையே கட்டிப்பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இன்று கடைகளில் விற்கும் கனமான போர்வைகளின் பின்னால் இருப்பதும் இதே ஆழ்ந்த அழுத்தம்தான்.

இதைவிடச் சாதாரணமானதும் உண்டு. மெல் பேக்ஸ் என்பவர் 2007-ல் யூடியூபில் ஒரு வீடியோ வெளியிட்டார். ஜன்னல் ஓரம் நின்று கையை அசைக்கிறார், ஏதோ ஒரு ராகத்தை முனகிக்கொண்டே இருக்கிறார், புத்தகத்தில் முகத்தைத் தேய்க்கிறார், குழாய்த் தண்ணீரில் விரலை விட்டு அளைகிறார். சில நிமிடங்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது. பிறகு அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் படிக்கிறது. அந்தத் தண்ணீர் எதற்கும் குறியீடு இல்லை. தண்ணீர் என்னோடு உறவாடுகிறது, நான் அதோடு உறவாடுகிறேன் என்பது சாரம். பேக்ஸ் 2020-ல் காலமானார். குழாயடியில் வெகுநேரம் நிற்கும் பிள்ளையை, ‘தண்ணிய வீணாக்காதே’ என்று அதட்டி இழுத்துவந்த வீடுகள் எத்தனை இருக்கும் நம் ஊரில்! தண்ணீர்ப் பஞ்சம் நிஜம்தான். ஒரு வாளியில் பிடித்து வைத்தால் போதும்.

இதே புலன்கள்தான் வதைக்கவும் செய்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. மிக்ஸியின் ஓசை சிலருக்குக் காதில் ஊசி. சட்டைக் காலரில் தைத்த லேபிள் நாள் முழுக்க அறுக்கும். குழல்விளக்கின் சிமிட்டல் நமக்குத் தெரியாது, அவர்களில் சிலருக்குத் தெரியும். ஒரே தோல், ஒரே காது. வரும் பொருளைப் பொறுத்து வலியோ இன்பமோ. பிரிட்டனில் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட் 2018-ல் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, அறிவிப்புகளைத் தவிர்க்கத் தொடங்கியது. பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

மாறாத வழக்கத்தின் சுகத்தைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். டேனியல் டாமெட் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் காலையில் 45 கிராம் ஓட்ஸ் கஞ்சியை மின்தராசில் நிறுத்துச் சாப்பிடுவதாகத் தன் நூலில் எழுதியிருக்கிறார். அவருக்கு எண்கள் நிறத்தோடும் குணத்தோடும் தெரியும். நான்கு கூச்ச சுபாவி, ஐந்து இடி முழக்கம். 2004-ல் பை என்ற கணித மாறிலியின் 22,514 இலக்கங்களை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நினைவிலிருந்து ஒப்பித்தார். உலகம் அந்தச் சாதனைக்குக் கைதட்டியது. எனக்குப் பிடித்தது அந்தக் கஞ்சிதான். நம் வீடுகளில் தினமும் தயிர்சாதம் மட்டும் கேட்கும் அண்ணனுக்கும் டாமெட்டுக்கும் இடையே இருப்பது ஒரு தராசு மட்டுமே.

ஈடுபாடுதான் இந்த நான்கில் பெரியது. 2005-ல் டைனா மரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பெரும்பாலோரின் கவனம் பத்து வாய்க்கால்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து ஓடும்; ஆட்டிசம் உள்ளவரின் கவனம் ஒரே வாய்க்காலில் மொத்தமாகப் பாயும். இது வெளியிலிருந்து பார்த்த பார்வை அல்ல. லாசன் தானே ஆட்டிசம் உள்ளவர். இந்தக் கோணத்தில் பார்த்தால் பல விஷயங்கள் பிடிபடுகின்றன. பேருந்து எண்கள், ரயில் அட்டவணை, பழைய பாடல்களின் இசைத்தட்டு விவரம், பூச்சிகள் என்று ஒன்றில் அமிழ்ந்திருப்பவரை ‘சாப்பிட வா’ என்று திடீரென்று இழுத்தால் அவர் ஏன் கொதித்துப்போகிறார் என்பது புரியும். பசி என்ற செய்தியே அந்த வாய்க்காலுக்கு வந்து சேரவில்லை.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் இயற்கை நிகழ்ச்சிகள் நடத்தும் கிறிஸ் பேக்கமுக்கு நாற்பதைத் தாண்டியபின்தான், ஆட்டிசத்தின் ஒரு வகையாக அப்போது கருதப்பட்ட ஆஸ்பெர்ஜர் என்று தெரியவந்தது. சிறு வயதில் ஒரு வல்லூறுக் குஞ்சை வளர்த்தவர்; அந்த ஈடுபாடே பிழைப்பாகிவிட்டது. 2017-ல் பி.பி.சி-க்காகத் தன்னைப் பற்றியே ஒரு ஆவணப்படம் எடுத்தார். காட்டுக்குள் தன் நாயோடு வாழும் வீட்டைக் காட்டினார். தன் தனிமையையும் சிரமங்களையும் மறைக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் அங்கே தரப்படும் சிகிச்சைகளையும் பார்த்தார். குணப்படுத்த வழி இருந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு அவருடைய பதில், வேண்டாம். பேச்சே வராதவர்களுக்கும், இரவும் பகலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டியவர்களுக்கும் சேர்த்து அவர் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் அவர்களுக்கும் ஒரு குழாய்த் தண்ணீர், ஒரு ஊஞ்சல் இருக்கிறது.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மனிதர்களே வேண்டாம் என்பது ஒரு பழைய நம்பிக்கை. எடின்பரோவில் கேதரின் கிராம்ப்டன் குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு அதை நன்றாக அசைத்தது. வரிசையாக எட்டு பேர். முதலாமவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு. வரிசை முழுக்க ஆட்டிசம் உள்ளவர்கள் இருந்தால், ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையைப் போலவே கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பினரையும் கலந்தபோதுதான் விவரங்கள் வழியில் உதிர்ந்தன. தங்களைப் போன்றவர்களோடு இருப்பது அவர்களுக்கு ஏன் இளைப்பாறலாக இருக்கிறது என்பதற்கு இது ஓரளவு பதில்.

ஆய்வகம் கண்டுபிடிக்கும் முன்பே ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1996-ல் அமெரிக்காவில் ‘ஆட்ரீட்’ என்ற முகாமைத் தொடங்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே தங்களுக்காக நடத்தியது. சத்தம் குறைவு, வாசனைத் திரவியம் கூடாது, பேசித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ள நிற அட்டைகள் புழக்கத்துக்கு வந்தது அங்கேதான். சிவப்பு என்றால் யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் எனக்குப் பேச ஆசை, ஆனால் ஆரம்பிக்கத் தெரியவில்லை, நீங்களே வந்து ஆரம்பியுங்கள். இன்று பல மாநாடுகளில் இந்த அட்டைகள் வந்துவிட்டன. நம் கல்யாண மண்டபங்களின் வரவேற்பு மேசையில், சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இவற்றை வைக்கலாம். மெல்லிசைக் குழுவின் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே இடம் கிடைக்கும் நாள்களில், எனக்கும் ஒரு சிவப்பு வேண்டும்.