ஸ்டீம் கிளீனரில் அடைப்பா? முதலில் தண்ணீரைக் கவனியுங்கள்!



தீபாவளி, பொங்கல் என்று வீடு சுத்தம் செய்ய ஆரம்பிக்கும்போதுதான் பரணில் கிடக்கிற பல சாமான்கள் நமக்கு ஞாபகம் வரும். அதில் ஒன்று ஸ்டீம் கிளீனர். வாங்கின புதிதில் அடுப்பு மேடையில் இறுகின எண்ணெய்ப் பிசுக்கு, பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற கறுப்பு, ஜன்னல் கம்பி மூலை எல்லாம் சோப்பு இல்லாமல் பளிச்சென்று ஆகும். ஆறு மாதம் போனால் 'புஸ்' என்று வந்த நீராவி மெல்ல மெல்லக் குறையும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் வரும். "மெஷின் போச்சு" என்று சொல்லி அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின சாமான், தூசி படிந்து கிடக்கும்.

பெரும்பாலும் மெஷின் கெட்டுப்போயிருக்காது. நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் அதை அடைத்திருக்கும்.

தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது? வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். மெஷினுக்குள்ளும் அதே கதைதான். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து, கொதித்தவுடன் பிரிந்து வெள்ளையாகப் படியும். வெந்நீர்த் தவலைக்குள்ளும் கீசருக்குள்ளும் பார்க்கிறோமே, அதே காறைதான்.

குடிநீருக்கான இந்தியத் தரக் கட்டுப்பாட்டில் (ஐ.எஸ். 10500, 2012) தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. 600 உள்ள தண்ணீரை ஒரு லிட்டர் டேங்கில் நூறு தடவை ஊற்றினால் கணக்குப்படி 60 கிராம் ஆகிறது. அதில் பாதி படிந்தாலும் போதும், நீராவி வரும் துவாரம் ஊசி முனை அளவுதானே இருக்கிறது. டேங்கில் பெயர்ந்த ஒரு சின்னச் செதில் வந்து உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

அடைத்த மெஷினைத் திறக்கும் முன்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்த மெஷின்களில் இரண்டு வகை உண்டு. குக்கர் மாதிரி மூடியைத் திருகி மூடி, உள்ளேயே தண்ணீரைக் கொதிக்க வைப்பது ஒன்று. மாப்பு மாதிரி நின்றுகொண்டே தள்ளுவது இன்னொன்று. இதில் பச்சைத் தண்ணீர் தனியாக இருக்கும், ஒரு சின்ன பம்ப் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான பாகத்துக்கு அனுப்பும்.

முதல் வகையில்தான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். நம் பிரஷர் குக்கரில் இருப்பது சுமார் 1 பார் அழுத்தம், 120 டிகிரி சூடு. இந்த மெஷின்கள் பலவற்றில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு 145, 150 டிகிரியைத் தொடும்.

நாம் சாதாரணமாக, "நீராவி வரவில்லை, அப்படியானால் உள்ளே ஒன்றும் இல்லை" என்று நினைத்துக்கொள்வோம். அது தப்புக் கணக்கு. வெளியே வரும் வழி அடைத்துக்கொண்டால் நீராவி உள்ளேதான் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு அக்கா அப்படித்தான் ஸ்விட்சை அணைத்த கையோடு மூடியைத் திருகினார். முழங்கை வரைக்கும் கொப்பளித்துவிட்டது. பதினைந்து நாள் அரிசி களையக்கூட முடியாமல் கஷ்டப்பட்டார்.

நல்ல நிலையில் உள்ள மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசையை அமுக்கி மிச்ச நீராவியை வெளியே விட்டு, ஆறவிட்டுத் திறக்கலாம். அடைத்த மெஷினில் விசையை அமுக்கினாலும் ஒன்றும் வராது. அதனால் பிளக்கைப் பிடுங்கி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ராத்திரி முழுவதும் வைத்துவிடுங்கள். காலையில் டேங்க் பக்கம் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். அப்புறம் மூடியைக் கால் திருகு மட்டும் திருப்புங்கள். 'உஸ்' என்று சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூடி திரும்பவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு முறுக்கவே கூடாது. அழுத்தம் இருக்கும்போது திறக்காதபடிதான் பல மூடிகளைச் செய்திருக்கிறார்கள்.

தப்பித் தவறி நீராவி பட்டுவிட்டால் குழாயைத் திறந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை உடனே கழற்றிவிடுங்கள். இங்க், பேஸ்ட், தோசை மாவு எதையும் தடவ வேண்டாம். கொப்பளம் பெரிதாக இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடைப்பு எங்கே?

மெஷின் ஆறியிருக்கும்போதே முனையில் மாட்டியிருக்கிற பிரஷ், மூக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றி, சூடானதும், துப்பாக்கி மாதிரி இருக்கும் கைப்பிடியை ஆள் இல்லாத பக்கம் பார்த்துப் பிடித்து விசையை அமுக்குங்கள். நீராவி நன்றாக வந்தால் அடைப்பு மூக்கில்தான். வரவில்லை என்றால் குழாயிலோ டேங்கிலோ இருக்கிறது. விசைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்காக ஒரு பூட்டு இருக்கும். அது பூட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்!

முதல் நிமிஷம் கொஞ்சம் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த குழாயில் நீராவி பட்டுத் தண்ணீராகிறது, அவ்வளவுதான். தொடர்ந்து தண்ணீராகவே துப்பினால் டேங்கில் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம்.

மூக்கு அடைத்திருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து, மூக்கை ஒரு மணி நேரம் அதில் போட்டு வையுங்கள். எலுமிச்சை உப்பு என்றால் சிட்ரிக் ஆசிட் தூள்தான், மளிகைக் கடையில் கிடைக்கும். அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் காறை கரைந்து போயிருக்கும். ஊக்கு, தையல் ஊசி விட்டுக் குடையாதீர்கள். துவாரம் பெரிதாகிவிட்டால் நீராவியின் வேகம் போய்விடும். டூத் பிரஷ்ஷின் ஒற்றை நாரே போதும்.

மூக்கு மாட்டுகிற இடத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது வெடித்திருந்தால் நீராவி பக்கவாட்டில் கசிந்து கையைச் சுடும். சின்ன வளையம்தான், அதே அளவு கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.

டேங்கைக் கழுவும் முறை

நன்றாக ஆறின டேங்கில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். வெள்ளைச் செதில்கள் வந்தால் காறை படிந்திருக்கிறது என்று அர்த்தம். மெஷினோடு கொடுத்த புத்தகத்தில் காறை எடுக்க என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதன்படியே செய்யுங்கள். சிட்ரிக் ஆசிட் போடலாம் என்று இருந்தால் இப்படிச் செய்யலாம்.

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 15 கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி டேங்கில் ஊற்றுங்கள். மூடியை மூடக்கூடாது, பிளக்கும் சொருகக்கூடாது. சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்தால் வாயு கிளம்பி நுரைக்கும், அது வெளியேற வழி வேண்டும். அரை மணி நேரம் கழித்து, மின்சார பாகங்களில் தண்ணீர் படாமல் மெதுவாக ஆட்டிக் கொட்டுங்கள். கலங்கலாகச் செதிலோடு வந்தால் இன்னொரு தடவை செய்யலாம். அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று தடவை அலசிவிடுங்கள். முதல் தடவை வரும் நீராவியைப் பழைய துணியில் பிடியுங்கள், மிச்சம் மீதிச் செதில் எல்லாம் வந்துவிடும்.

மாப்பு வகை மெஷினில் இப்படி ஊற வைக்க முடியாது. அதில் தண்ணீர் டப்பாவின் அடியில் சின்ன வலை இருக்கும், அதை எடுத்துக் கழுவுங்கள். சில மாடல்களில் காறையைப் பிடித்துக்கொள்ள ஒரு கேட்ரிட்ஜ் வைத்திருப்பார்கள். அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும்.

என் நாத்தனார் வீட்டு மெஷினை ஒரு ரிப்பேர் கடையில் காட்டினபோது, பாய்லரையே மாற்ற வேண்டும், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எடுத்துவந்து, புத்தகத்தைப் படித்து நாங்கள் இரண்டு பேரும் இந்த முறையில் கழுவினோம். இரண்டு ஸ்பூன் அளவுக்குச் செதில் கொட்டியது. செலவு இருபது ரூபாய்கூட ஆகவில்லை. மெஷின் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

அவசரத்தில் சிலர் பாத்ரூம் ஆசிடை ஊற்றுவார்கள். டேங்கையே தின்றுவிடும், வேண்டாம். பினாயில், சோப்புத் தண்ணீர், வாசனை எண்ணெய் எதையும் டேங்கில் ஊற்றக் கூடாது. முக்கியமாக, எலுமிச்சை உப்போ வினிகரோ இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூச்சையே அடைத்துவிடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்களைப் போல உப்புத் தண்ணீர்க்காரர்களுக்குத்தான் கஷ்டம். ஒரு சின்னப் பரீட்சை செய்யலாம். பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் துணி சோப்புச் சீவலும் போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கினால் நல்ல தண்ணீர். தயிர் திரிந்த மாதிரி ஆனால் மெஷினுக்கு ஆகாது.

ஆர்.ஓ. ஃபில்டரில் வருகிற குடிதண்ணீர் நல்லது. ஆனால் அதே ஃபில்டரின் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்திருப்போமே, அதை மட்டும் மறந்தும் ஊற்றக்கூடாது. குடிதண்ணீரிலிருந்து விலக்கின உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஏ.சி.யில் சொட்டுகிற தண்ணீரும் வேண்டாம், அதில் தூசியும் பாசியும் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலதில் குழாய்த் தண்ணீரோடு கலந்து ஊற்றச் சொல்லியிருப்பார்கள். ஆர்.ஓ. இல்லாத வீட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளிந்ததும் மேலாக இறுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றலாம். சுண்ணாம்பில் ஒரு பங்கு பாத்திரத்தின் அடியிலேயே நின்றுவிடும்.

எடுத்து வைக்கும்போது

வேலை முடிந்து ஆறினதும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து வைத்து உலரவிடுங்கள். மூக்கு, பிரஷ்களை ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். நம் ஊரில் துவாரம் கண்ட இடமெல்லாம் குளவி மண் வைத்துவிடும்! ஐந்தாறு தடவை நிரப்பினால் ஒரு தடவை வெறும் தண்ணீரில் டேங்கைக் குலுக்கிக் கொட்டும் பழக்கம் இருந்தால் காறை கல்லாக இறுகாது.

பிளக் விஷயம் ஒன்று. 1,500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் கரண்ட் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினாலோ மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் கொடுத்தாலோ சூடேறிக் கருகிவிடும். எர்த் உள்ள பெரிய பவர் பிளக்கில்தான் போட வேண்டும்.

மூடி பக்கத்தில் நீராவி கசிந்தாலும், சேஃப்டி வால்வில் தொடர்ந்து வந்தாலும், தொட்டால் ஷாக் அடித்தாலும், ஒயர் உருகின வாடை வந்தாலும் நாம் கை வைக்க வேண்டாம். உடனே நிறுத்தி, தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வால்வில் கசிகிறதே என்று டேப் சுற்றி அடைப்பதும் ஆபத்து. குக்கர் வால்வை யாராவது அடைப்போமா?

பரணில் "போச்சு" என்று வைத்த மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒரு தடவை கழுவிப் பாருங்கள். உப்புத் தண்ணீரைச் சமாளிக்க வேறு நல்ல வழி தெரிந்த சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதினால் எனக்கும் உபயோகமாக இருக்கும்.

- ஒரு வாசகி, பல்லடம்.