ஒரே பாத்திரத்தில் கோழியும் பிடியும்

மாலையில் தோட்ட வேலை முடிந்து மூணாற்றிலும் பீர்மேட்டிலும் வீடு திரும்பும் நம்மவர்க்கு இரண்டு அடுப்பு மூட்ட நேரமேது? தொடுபுழைப் பக்கத்தில் அரிசிமாவு உருண்டைகளான பிடியையும் கோழிக்கறியையும் தனித்தனியே சமைப்பர். அவ்விரண்டையும் நாம் ஒரே பாத்திரத்தில் ஆக்கலாம்.

வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாயை வதக்கிக் கோழித்துண்டுகளை இரண்டாம் தேங்காய்ப்பாலில் உப்பிட்டு வேகவைப்போம். முக்கால் வெந்ததும், வறுத்த அரிசிமாவை வெந்நீரில் பிசைந்து உருட்டிய சிறு பிடிகளை அதிலிடுவோம். மாச்சத்துக் கரைவதால் குழம்பு தானே கெட்டிப்படும். இத்தாலியரின் பாஸ்தாவும் இவ்வாறே தன் குழம்பைத் திரட்டுகிறது.

எலும்புவரை கறி வெந்த பின்னரே தீயைத் தணித்து முதற்பாலைச் சேர்த்தல் வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும். பொறுமையாய் இறக்கினால் குழம்பு வெண்ணெய்போல் வழவழக்கும், விறகும் மிஞ்சும்.