கடலிலே விடுதலை, கழனியிலே விலங்கு!

மனிதனை மூட்டைபோல் அடுக்கிச் சென்ற கப்பல்களைத் துரத்தியது ஆங்கிலக் கடற்படை. 1807இல் அடிமை வாணிபம் தடை செய்யப்பட்டது. 1808 முதல் 1860 வரை, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் ஏறத்தாழ 1,600 கப்பல்கள் பிடிபட்டன. ஒன்றரை இலட்சம் பேர் மீட்கப்பட்டனர். அந்தப் பணியை நாம் பழிக்க மாட்டோம். காய்ச்சலிலும் சண்டையிலும் மாண்ட மாலுமிகள் பலர்.

ஆனால், கப்பலைப் பிடித்தவனைக் கரையிலே காத்திருந்து மடக்கியது வழக்குமன்றம்! ‘லூயி’ என்னும் பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தனர் ஆங்கிலேயர். 1817இல் நீதிபதி வில்லியம் ஸ்காட் தீர்ப்பளித்தார்: அமைதிக் காலத்தில் அயல்நாட்டுக் கப்பலைச் சோதிக்க உமக்கு உரிமை இல்லை என்று.

அமெரிக்காவிலே 1820இல் பிடிபட்டது ‘ஆன்டிலோப்’. உள்ளே ஏறத்தாழ 280 ஆப்பிரிக்கர். 1825இல் தலைமை நீதிபதி மார்ஷல் சொன்னார்: அடிமை வாணிபம் இயற்கை நீதிக்கு முரண், ஆனால், நாடுகளின் சட்டத்துக்கு முரண் அன்று! முடிவு? சிலர் லைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் ஸ்பானியரின் சொத்து என்று எழுதப்பட்டு, அடிமைகளாகவே போயினர். கொடிக்கு மதிப்பு உண்டு, உடைமைக்கு மதிப்பு உண்டு, மனிதனுக்கு?

அந்தக் கேள்வி அட்லாண்டிக்கோடு நிற்கவில்லை. நம் பாலாற்றங்கரைக்கும் வந்தது. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் செய்தது இலண்டன் பாராளுமன்றம். எசமானர்களுக்கு 2 கோடி பவுன் இழப்பீடு. அடிமைகளுக்குச் சல்லிக்காசும் இல்லை. அந்தச் சட்டமும் கும்பெனியின் சீமைக்குப் பொருந்தாதாம்! கடலிலே பீரங்கி முழங்கிய அந்நாளில், வாலாஜாபாத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையிலே, மிராசுதாரர் பண்ணைகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் பிறவி ஆட்களாய்க் கட்டுண்டு கிடந்தனர். இங்கே சாதிதான் கப்பல். அதற்குக் கொடியும் இல்லை, பாய்மரமும் இல்லை. எந்தக் கடற்படைக்கும் அது அகப்படவில்லை!

1843இல் வந்த சட்டம், அடிமை மீது எசமானன் கொண்டாடும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. 1860இன் தண்டனைச் சட்டம், மனிதனை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஏட்டிலே விலங்கு அறுந்தது, வயிற்றிலே அறுந்ததா? குடியிருக்கும் மனையும் பிறன் மனை. வாங்கிய கடனோ தலைமுறைக் கடன். 1891இல் செங்கற்பட்டு ஆட்சித்தலைவர் திரமென்ஹீர் இந்தக் கொடுமையை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் அரசு ஒதுக்கியதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலத்திலும் பெரும்பகுதி பிறர் கைக்கு மாறிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், 1843இன் விடுதலை எத்தகைய விடுதலை?

பிடித்த கப்பலிலிருந்து மனிதனை இறக்கினால் மட்டும் போதாது. அவன் கால் ஊன்ற மண் வேண்டும். ஆகவே நாம் சொல்கிறோம்: ஊர்தோறும் கிராமக் கணக்கைப் புரட்டுங்கள். 1892இல் கொடுத்த நிலம் இன்று எவர் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பறிபோனது கண்டால், மனு எழுதுங்கள்; மன்றம் ஏறுங்கள்; மக்களைத் திரட்டுங்கள். விடுதலை அந்த மண்ணிலே வேர் பிடிக்கட்டும்!