நுரைக்க மறுக்கும் நீர்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்திற்கு வாழ்க்கைப்பட்டு வரும் சகோதரிகள் பலர், வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கவனிப்பர். பிறந்தகத்தில் நெடுநாள் வந்த சவுக்காரக்கட்டி இங்கு விரைவில் கரைந்துபோகும், நுரையோ வராது. குறை சவுக்காரத்தில் இல்லை, நீரில் இருக்கிறது.

கொழுப்பும் காரமும் கூடிப் பிறப்பதே சவுக்காரம். காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் விஞ்ஞானச் சொல், செடிச் சாம்பலைச் சுட்டும் 'அல்-கலீ' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் வட்டாரத்து உருது வீடுகளின் 'சாபுன்', அரபியின் 'ஸாபூன்' அன்றி வேறில்லை.

சவுக்காரத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. வால் எண்ணெயை நாடும். தலை நீரை நாடும். துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கில் வால்கள் புதைந்துகொள்ள, தலைகள் வெளியே நீரைப் பற்றி நிற்கின்றன. கசக்குகையில் பிசுக்கு நுண்ணிய உருண்டைகளாகப் பிரிந்து நீரோடு போய்விடுகிறது. வெறும் நீரால் இது இயலாது.

கடின நீரிலோ கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. அவை சவுக்காரத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு, கரையாத வெண்திரிபாக மாற்றிவிடுகின்றன. வாளியின் ஓரத்தில் படியும் பிசுபிசுப்பு அதுவே. அவ்வுப்புகள் தீர்ந்த பின்னரே நுரை எழும். அதுவரை தேய்த்ததெல்லாம் வீண். தோல் பதனிடுகையில் சுண்ணாம்புத் தொட்டியிலும், தோலின் கொழுப்போடு சுண்ணாம்பு சேர்ந்து இதே 'சுண்ணாம்புச் சவுக்காரம்' உண்டாகிறது!

பாறைகளும் நீரைக் கடினமாக்கும். ஆனால் பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்புகளும் நிலத்தடி நீரில் இறங்கின. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்ற ஆய்வுக் கணக்கை, உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று வழங்கிய தீர்ப்பில் எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டுமென்றது. முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் நம்மவர் பலர் பிழைக்கும் தொழில் இது. ஆகவே இதனை நாமே பேசுவதுதான் முறை.

இல்லத்தரசிகளே, துவைக்கும் நீரில் முதலில் சிறிது சலவைச் சோடா கரையுங்கள். கால்சியம் சுண்ணாம்புத் தூளாகப் படிந்துவிடும். பிறகு சவுக்காரம் குறைவாகவே செலவாகும். கொதிக்க வைப்பதால் கடினத்தின் ஒரு பகுதியே நீங்கும். சலவைத்தூள் இந்நீரிலும் ஓரளவு வேலை செய்யும். தலைக்குக் குளிக்க மழைநீர் கிடைத்தால் விடாதீர்கள். சோடா கலந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கலாகாது; நுரை வந்துவிட்டதால் அதிலுள்ள மற்ற உப்புகள் நீங்கிவிடவில்லை.