உயிர் காக்கும் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் எமன்!

விபத்தில் அடிபட்டு வருகிறார் ஒருவர். தலையில் ஆபரேஷன். வெற்றி! "பயப்படாதீங்க, பிழைச்சுடுவார்" என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஐந்தாம் நாள் ஜுரம் அடிக்கிறது. பத்தாம் நாள் பிணம்!

கொன்றது விபத்து அல்ல. ஆஸ்பத்திரிக் கிருமி!

நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில், தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்களைக் கதிகலங்க வைப்பது இதுதான். சாதாரணக் கிருமி நாலு ஊசியில் அடங்கிவிடும். இது ஊசிக்கு மசியாத ரகம்.

கிருமிக்கு ராஜபாட்டை

தானாக மூச்சுவிட முடியாத நோயாளிக்கு, வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை மூச்சுக்குழலுக்குள் இறக்கி, 'வெண்டிலேட்டர்' இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். அவர் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் குழாய். கிருமிக்கும் அதுதான் ராஜபாட்டை.

தொண்டையில் ஏதாவது இறங்கினால் நாம் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் கிடப்பவர் என்ன செய்வார்? வாயில் ஊறும் எச்சில் குழாயைச் சுற்றித் தேங்கி, சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் கசிகிறது. குழாயின் உட்புறத்தில் பாசி பிடித்த மாதிரி வழவழவென்று ஒரு படலம். அதற்குள் கிருமிகளின் குடித்தனம்! குழாய் போட்டு 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியாவுக்கு 'வெண்டிலேட்டர் நிமோனியா' என்று தனிப் பெயரே இருக்கிறது.

ஆசாமிகள் மூன்று பேர் முக்கியம். அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். இதில் முதல் ஆசாமி பலே கில்லாடி. கட்டில் கம்பியிலும் இயந்திரத்தின் பட்டனிலும் ஈரமே இல்லாமல் வாரக்கணக்கில் உயிரோடு இருப்பான். யாராவது ஒருவர் கை பட்டால் போதும், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவான்.

சென்னையில் சிக்கிய 44

2010 ஆகஸ்டில் 'லான்செட்' குடும்பத்துத் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதியது. 'கார்பாபெனம்' என்ற ரக ஊசிகளைத்தான் டாக்டர்கள் கடைசி ஆயுதமாக வைத்திருந்தார்கள். அதையே உடைத்துப்போடும் 'என்.டி.எம்.-1' என்ற சக்தி கிருமிகளுக்கு வந்துவிட்டது என்று போட்டு உடைத்தது கட்டுரை. சென்னையில் மட்டும் 44 கிருமிகள் சிக்கின. அரியானாவில் 26. இங்கிலாந்தில் 37.

'என்.டி.' என்றால் நியூடெல்லி. டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம், 2008-ல் முதலில் பிடிபட்டதால் இந்தப் பெயர். வந்ததே கோபம் மத்திய அரசுக்கு! நாட்டின் மானம் போகிறது, பெயரை மாற்று என்று ஒரே சண்டை. கிருமிக்குப் பெயரைப் பற்றிக் கவலை இல்லை. அது பாட்டுக்குப் பரவியது.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. இஷ்டத்துக்கு ஆன்டிபயாடிக் விற்பதற்குக் கடிவாளம் வேண்டும் என்றார்கள். 2014 மார்ச் 1 முதல் 46 மருந்துகளுக்குச் சட்டம் வந்தது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி, 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். "அண்ணே, ஜுரத்துக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறவர் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம்.

கோழிக்கும் கொடுத்தார்கள்!

கார்பாபெனம் தோற்றதும் டாக்டர்கள் தூசி தட்டி எடுத்தது 'கொலிஸ்டின்'. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970-களில் ஓரம் கட்டப்பட்ட பழைய மருந்து. சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் செய்யலாம், உயிர் போனால் என்ன செய்வது? வேறு வழியில்லாமல்தான் போடுகிறார்கள்.

மனிதனுக்கே கடைசிப் புகலான அந்த மருந்தைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்த கூத்தும் இந்த நாட்டில் நடந்தது! 2019 ஜூலையில்தான் தடை வந்தது. அதற்குள் கொலிஸ்டினுக்கும் டேக்கா கொடுக்கும் கிருமிகள் இந்திய ஆஸ்பத்திரிகளில் தலைகாட்டிவிட்டன.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று காட்டும் 'கல்ச்சர்' பரிசோதனைக்குப் பொதுவாக 2, 3 நாள் ஆகும். அதுவரை டாக்டர் அனுபவத்தை வைத்துத்தான் ஊசி போடுகிறார். அது தப்பினால் அந்த 2 நாளும் கிருமியின் ராஜ்யம். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் வீட்டாருக்கோ, மருந்துச் சீட்டு மேல் சீட்டு.

வீட்டார் என்ன செய்யலாம்?

பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நோயாளியின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைத்தால் எச்சில், வாந்தி நுரையீரலுக்குள் இறங்குவது குறையும். தினமும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்து, தானாக மூச்சு விடுகிறாரா என்று சோதிக்க வேண்டும். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்துதான். "டாக்டர், இன்னிக்குக் குழாயை எடுக்க முடியுமா?" என்று தினமும் கேட்பதில் தப்பே இல்லை.

பார்க்கப் போகிறவர்கள் உள்ளே நுழையும்போது கை கழுவினால் மட்டும் போதாது. வெளியே வரும்போதும் கழுவ வேண்டும். கட்டில் கம்பியைப் பிடித்த அதே கையோடுதான் பலர் நேராக வெளியே வந்து, டீக்கடையில் பன் வாங்கித் தின்கிறார்கள்.