வேட்பாளரின் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்

2025 மே மாதம் 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் எனது எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் தொடர்ந்து மூன்று நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. கடலுக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த பகுதி என்பதால், பிள்ளை ஓரிரு நாள் வராவிட்டால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். அவனது வாப்பா எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சியின் வேட்பாளர். அவர் ஒரு சங்கத்தின் பணத்தைத் தின்றுவிட்டார் என்று ஒரு ஓடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அவருக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லித்தான் வகுப்பில் மகனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "சேர், எங்க வாப்பா அப்படி ஆளில்ல சேர்" என்று சொன்னானே தவிர, வேறெதுவும் பேசவில்லை.

அந்த ஓடியோ என் தொலைபேசியிலும் இருந்தது. ஒரு நண்பர் அனுப்பியிருந்தார். நான் கேட்டேன், சிரித்தேன், இன்னொருவருக்கு அனுப்பவும் செய்தேன். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்குத் தகுதியில்லை.

தேர்தல் என்றால் இதெல்லாம் இருக்கும்தானே என்று சொல்வோர் உண்டு. இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஏன் இருக்கிறது, எது விமர்சனம், எது அவதூறு, சட்டம் எங்கே கோடு போடுகிறது, மார்க்கம் எங்கே கோடு போடுகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் நல்லது. நம்மில் பலர் இந்த விடயத்தில் இரண்டு பக்கமும் தவறாக நினைக்கிறோம். ஒரு சாரார் எதையும் சொல்லலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் வேட்பாளரைப் பற்றிக் கேள்வி கேட்பதே கீபத் என்கிறார்கள்.

முதலில் சட்டம். 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் ஊழல் செயல்கள் என்று சில குற்றங்கள் உண்டு. ஆள்மாறாட்டம், இலஞ்சம், விருந்து கொடுத்தல், தகாத செல்வாக்கு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதே வரிசையில் இன்னொன்றும் இருக்கிறது: தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தில், ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை பற்றிப் பொய்யான கூற்றைச் சொல்வது அல்லது வெளியிடுவது. இலஞ்சம் கொடுப்பதும் பொய்ப்பழி சுமத்துவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகைக் குற்றம். ஊழல் செயலுக்குக் குற்றவாளியானவர் ஏழு வருடங்களுக்கு வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1895 இல் சட்டமாகி, 1946 ஆம் ஆண்டுத் தேர்தல் கட்டளை வழியாக இலங்கைக்கு வந்தது. அங்கே அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. 2010 பொதுத் தேர்தலில் ஓல்ட்ஹாம் கிழக்கு மற்றும் சாடில்வேர்த் தொகுதியில் தொழிற்கட்சியின் பில் வூலஸ் வெறும் 103 வாக்குகளால் வென்றார். அவர் முன்னாள் குடிவரவு அமைச்சர். லிபரல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் எல்வின் வொட்கின்ஸ் முஸ்லிம் தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடுகிறார் என்ற கருத்தில் வூலஸின் தரப்பு துண்டுப்பிரசுரங்கள் விநியோகித்திருந்தது. வொட்கின்ஸ் தேர்தல் நீதிமன்றம் போனார். அந்த வருடம் நவம்பரில் வூலஸின் வெற்றி செல்லுபடியற்றதாக்கப்பட்டது. மூன்று வருடம் அவர் போட்டியிடவும் முடியாது போயிற்று. நீதித்துறை மீளாய்வில் உயர் நீதிமன்றம் செய்தது கவனிக்க வேண்டியது. மூன்று கூற்றுகளில் ஒன்று அரசியல் நிலைப்பாடு பற்றியது, தனிப்பட்ட குணம் பற்றியதல்ல என்று அதை விட்டுவிட்டது. மற்ற இரண்டிலும் தீர்ப்பு நின்றது.

அந்த வித்தியாசம்தான் விடயத்தின் முதுகெலும்பு. "இவர் போன முறை வீதி போட்டுத் தருவதாகச் சொல்லிச் செய்யவில்லை", "இவர் மூன்று கட்சி மாறிவிட்டார்", "பாராளுமன்றத்தில் நம் காணிப் பிரச்சினை வந்தபோது வாய் திறக்கவில்லை" என்பதெல்லாம் அரசியல். எவ்வளவு காரமாகவும் சொல்லலாம். தவறாக இருந்தாலும்கூட அது பெரும்பாலும் அரசியல் வாதமாகவே பார்க்கப்படும். ஆனால் "இவர் களவெடுத்தவர்", "இவரது வீட்டில் இப்படி நடந்தது" என்று இல்லாததைச் சொல்வது வேறு.

2002 இல் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டதால், இனி எதைச் சொன்னாலும் கேட்பாரில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நீக்கியது சரியான வேலைதான். ஆட்சியாளர்கள் பத்திரிகைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பப் பயன்படுத்திய ஆயுதம் அது. ஆனால் குடியியல் வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கிறது, தேர்தல் சட்டமும் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அதன் மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பொய்யைத் தடுக்கிறோம் என்ற பெயரில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்பவனின் வாயை அடைக்க அது பயன்படலாம் என்ற பயம் பலரிடம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் பள்ளிவாசல் நிர்வாகிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. வேட்புமனுத் தாக்கல் முதல் வாக்களிப்புக்கு அடுத்த நாள் வரை, மத ஒன்றுகூடலில் ஒருவருக்கு வாக்களிக்கச் சொல்வதோ வாக்களிக்க வேண்டாம் என்று சொல்வதோ தகாத செல்வாக்கு ஆகும். வணக்கத் தலத்தில் பொதுக்கூட்டம் வைப்பதும் அப்படித்தான். ஜும்ஆ முடிந்து ஒலிவாங்கியை எடுத்து "நம்ம ஆளுக்கு" என்று ஆரம்பிப்பவர், எதிர்த்தரப்பைத் திட்டாவிட்டாலும் சட்டத்தைத் தாண்டிவிட்டார்.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? ஸூரத்துல் ஹுஜுராத்தை நாம் எல்லோரும் ஓதியிருக்கிறோம். கேலி செய்வது, பட்டப்பெயர் சூட்டுவது, துருவித் துருவி ஆராய்வது, புறம்பேசுவது எல்லாம் அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றன. செய்தி கொண்டு வருபவரைப் பற்றி விசாரித்துத் தெளிவு பெறும்படியும் அதே ஸூராவில் வருகிறது. உண்மையாக இருந்து, சம்பந்தப்பட்டவர் வெறுக்கும்படியாக இருந்தால் அது கீபத். இல்லாததைச் சொன்னால் அது புஹ்தான், அதாவது அபாண்டம். அப்படியானால் ஊழல் செய்தவரைப் பற்றிப் பேசவே கூடாதா? இமாம் நவவி அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் கீபத் ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகிறார்கள். அநியாயம் செய்யப்பட்டவர் முறையிடுவது, தீமையை மாற்ற உதவி தேடுவது, மக்களை எச்சரிப்பது ஆகியவை அதில் அடங்கும். பெண் கேட்டு வருபவரைப் பற்றி விசாரித்தால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், ஊரின் பணத்தைக் கையாளப் போகிறவரைப் பற்றிச் சொல்லக் கூடாதா என்ன? சொல்லலாம். ஆனால் உண்மை, தேவையான அளவு, சம்பந்தமான விடயம் என்ற எல்லைக்குள். அவரது மகளின் கல்யாணம் எப்படி நடந்தது என்பது வடிகான் வேலைக்குச் சம்பந்தமில்லை.

ஏன் நம் மாவட்டத்தில் இது இவ்வளவு மோசமாகிறது என்பதற்குத் தேர்தல் முறையிலும் காரணம் இருக்கிறது. 1977 க்கு முன் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. கட்சிக்குக் கட்சி, ஆளுக்கு ஆள் மோதினார்கள். 1989 முதல் விருப்பு வாக்கு. திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள், ஒரு பட்டியலில் ஏழு பேர், வாக்காளருக்கு மூன்று விருப்பு. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை என்று ஒவ்வொரு ஊரும் தன் ஆளைப் பட்டியலில் பார்க்க விரும்பும். ஆனால் அந்தப் பட்டியலுக்குக் கிடைக்கப் போவது பெரும்பாலும் ஒரு ஆசனம். ஆகவே உண்மையான எதிரி அடுத்த கட்சியில் இல்லை, அதே மேடையில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். கொள்கையில் வித்தியாசம் இல்லாத இருவர் எதை வைத்து மோதுவது? குணத்தை வைத்து, குடும்பத்தை வைத்து, ஊரை வைத்து.

உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு இல்லை. ஆனால் வட்டாரம் என்றால் இரண்டு ஒழுங்கை. ஏசுபவரும் ஏச்சு வாங்குபவரும் ஒரே ஸப்பில் தொழுகிறவர்கள், ஒரே கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள். பெண் வேட்பாளர்களின் நிலை இன்னும் மோசம். 2018 இல் 25 சதவீத ஒதுக்கீடு வருவதற்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. அதன் பின் 20 சதவீதத்தைத் தாண்டியது. ஆணை ஏசும்போது குறைந்தபட்சம் பணம், பதவி என்று ஏதோ பொது விடயத்தைத் தொடுகிறார்கள். பெண்ணை ஏசும்போது நேராக ஒழுக்கத்துக்குப் போகிறார்கள். ஒதுக்கீட்டுக்கு ஆள் தேடிப் போகும் கட்சிகள், அந்தப் பெண்ணுக்கு ஏச்சு விழும்போது எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

பொய்ப்பழி என்றால் என்ன என்று நம் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குருநாகல் டொக்டர் ஷாபி 2015 பொதுத் தேர்தலில் போட்டியிட்டவர். 2019 மே மாதம், சிங்களத் தாய்மார்களுக்குக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தப்பட்டுக் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. நிறுத்தி வைக்கப்பட்ட சம்பளம் 2022 இல்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த நாட்களில் நாம் எவ்வளவு துடித்தோம். அதே கையால்தான் பக்கத்து வீட்டு வேட்பாளரைப் பற்றி வந்ததை அனுப்புகிறோம்.

வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவருக்கு யார் சொன்னது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இப்போது அதைக் கண்டால் நான் அனுப்பியவரிடம் திருப்பிக் கேட்கிறேன்: இதை நீங்கள் நேரில் அறிந்தீர்களா? பெரும்பாலும் பதில் வருவதில்லை. உண்மையான முறைப்பாடு இருந்தால் தேர்தல்கள் ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகளும் முறைப்பாடு எடுக்கின்றன. வெற்றியை எதிர்த்து மனுப்போடுவதென்றால் முடிவு வர்த்தமானியில் வந்து 21 நாட்களுக்குள் போட வேண்டும். பெரும்பாலான வேட்பாளர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, தெரிந்தாலும் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லை.

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். அடுத்தது எப்போது வந்தாலும் விருப்பு வாக்கோடு வந்தால் மீண்டும் அதே கூத்துத்தான். அதற்கு முன் பள்ளிவாசல் சம்மேளனங்கள் வேட்பாளர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, குடும்பத்தைத் தொடுவதில்லை, பெண்களைத் தொடுவதில்லை, தன் ஆட்கள் தொட்டால் தானே பகிரங்கமாக மறுப்பேன் என்று கையெழுத்து வாங்கினால் என்ன? கடைசி நிபந்தனைதான் முக்கியம். எந்த வேட்பாளரும் தன் வாயால் ஏசுவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த மாணவனின் வாப்பா தோற்றார். சங்கத்தின் கணக்குகள் பிறகு கூட்டத்தில் வாசிக்கப்பட்டன, குறை எதுவும் இருக்கவில்லை. அந்தச் செய்தி எந்தக் குழுமத்திலும் சுற்றவில்லை. நான் ஓடியோ அனுப்பிய ஆளுக்கு மட்டும் அழைத்துச் சொன்னேன். "அப்படியா சேர்" என்றார். மகன் நான்காம் நாள் பாடசாலைக்கு வந்தான். ஆனால் முன் வரிசையில் இருந்தவன் பின்னால் போய்விட்டான். இடாப்புக் கூப்பிடும்போது அவனது முழுப் பெயரையும் வாப்பாவின் பெயரோடு சேர்த்துச் சத்தமாக வாசிக்கிறேன். "வந்திருக்கிறேன் சேர்" என்று சொல்கிறான், தலையை நிமிர்த்தாமல்.